சிறைக்கதவைத் திறந்த பாடல்

(வானொலி மறையுரை – திருவருகைக்காலம்)



திருவருகைக்காலம் பிறந்தாலே நம் ஆலயங்களில் மாலை நேரங்களில் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். வேலை முடித்து வந்தவர்களும், கல்லூரியிலிருந்து நேராக வந்தவர்களும் கீபோர்டைச் சுற்றி நின்று கொண்டு ஒரே வரியைப் பத்துத் தடவை பாடிப் பார்ப்பார்கள். சில பெரிய ஆலயங்களில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. திருப்பலி இல்லாத ஒரு மாலையில், ஐம்பது அறுபது பேர் கொண்ட பாடகர் குழு நான்கு குரல்களாகப் பிரிந்து நின்று, இரண்டு மணி நேரம் புனித இசையைப் பாடுவார்கள். நமக்கும் அழைப்பு வருகிறது. குடும்பத்தோடு போய் வருகிறோம்.

திரும்பி வரும்போது நம்மிடையே ஒரு பேச்சு எழும். "கோயிலைச் சபா ஆக்கிவிட்டார்களே" என்று ஒருவர் வருத்தப்படுவார். "இவ்வளவு உருக்கமாக நான் செபித்து வெகு நாளாயிற்று" என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக் கொள்வார். இருவரும் நம் பங்கைச் சேர்ந்தவர்கள். இருவருமே ஆண்டவரின் இல்லத்தை நேசிக்கிறவர்கள். நாம் போனது கச்சேரிக்கா, செபத்துக்கா? இந்தக் கேள்வியை இன்று ஆண்டவரின் திருமுன் வைத்துச் சற்று நேரம் சிந்திப்போம்.

முதலில் விவிலியத்தைத் திறப்போம். சாலமோன் எருசலேம் ஆலயத்தை நேர்ந்தளித்த நாளில், எக்காளம் ஊதியவர்களும் பாடகர்களும் ஒரே குரலாக ஒலித்தபோது, ஆலயம் மேகத்தால் நிரம்பியது. குருக்களால் நின்று பணிசெய்யவே முடியவில்லை என்று இரண்டாம் குறிப்பேடு ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. நம் ஆண்டவரும் பாடியவர்தான். இறுதி இராவுணவு முடிந்ததும் இயேசுவும் சீடர்களும் புகழ்ப்பாடல் பாடிவிட்டு ஒலிவ மலைக்குச் சென்றார்கள் என்று மாற்கு எழுதுகிறார். சிலுவையை நோக்கி நடப்பதற்கு முன் அவர் செய்த காரியங்களில் பாடுவதும் ஒன்று.

திருத்தூதர் பணிகள் 16ஆம் அதிகாரத்தில் இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறது. பிலிப்பி நகரில் பவுலும் சீலாவும் அடிபட்டு, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டு, உட்சிறையில் கிடக்கிறார்கள். நள்ளிரவில் அவர்கள் பாடிச் செபிக்கிறார்கள். மற்றக் கைதிகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நிலம் அதிர்கிறது, கதவுகள் திறக்கின்றன, எல்லாருடைய விலங்குகளும் கழன்று விழுகின்றன. பாடியவர்கள் இரண்டு பேர். விலங்கு கழன்றதோ எல்லாருக்கும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்வோம். பிறகு இது நமக்குத் தேவைப்படும்.

அன்பார்ந்தவர்களே, திருப்பலிக்கு வெளியே ஆலயச் சூழலில் இசை கேட்கும் வழக்கம் நேற்று முளைத்தது அன்று. பதினாறாம் நூற்றாண்டில் உரோமை நகரில் புனித பிலிப்பு நேரியார் வாழ்ந்தார். அவர் தொழிலாளிகளையும் வணிகர்களையும் இளைஞர்களையும் ஒரு செபக்கூடத்தில் ஒன்றுகூட்டினார். அங்கே இறைவார்த்தை வாசிப்பார்கள், எளிய மொழியில் உரையாற்றுவார்கள், நடுநடுவே பாடுவார்கள். பாட்டு கேட்க வந்தவர்கள் இறைவார்த்தையைக் கேட்டுவிட்டுப் போனார்கள். செபக்கூடத்துக்கு இத்தாலிய மொழியில் 'ஒரட்டோரியோ' என்று பெயர். விவிலியக் கதையைத் தனிக்குரலும் சேர்ந்திசையுமாகப் பாடும் இசை வடிவத்துக்கும் பிற்காலத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. நாம் இன்று கேட்கப் போகிற இசையின் பெயரிலேயே செபம் இருக்கிறது.

அதே நேரியாரின் ஒழுங்கைத் தழுவிய குருக்கள் குழு ஒன்று பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் உருவானது. புனித யோசேப்பு வாஸ் அடிகளார் அதைச் சேர்ந்தவர். அவருக்குத் துணையாக 1705இல் இலங்கைக்கு வந்தவர் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. மறைவாக அலைந்து திரிந்த அவர் தமிழும் சிங்களமும் கற்று நூல்கள் எழுதினார். தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவர் தந்ததாகப் போற்றப்படுகிறது. அவர் இறந்தது 1742ஆம் ஆண்டு சூலை மாதம்.

அந்த 1742ஆம் ஆண்டிலேதான், கடலுக்கு அப்பால் அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் வேறொரு பாடல் முதன்முறையாகப் பொதுமக்கள் முன் ஒலித்தது. அதுதான் ஹேண்டல் இயற்றிய 'மெசியா'. கிறிஸ்மஸ் காலத்தில் ஆலயங்களில் பாடகர் குழுக்கள் விரும்பிப் பாடுவது இதைத்தான். 'அல்லேலூயா' என்று எல்லாரும் சேர்ந்து முழங்கும் பகுதியை, இசை தெரியாதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள்.

ஹேண்டல் செர்மனியில் பிறந்த லூத்தரன், இங்கிலாந்தில் வாழ்ந்தவர். சார்லஸ் ஜென்னன்ஸ் என்பவர் விவிலியத்திலிருந்தே சொற்களைத் தேர்ந்து கோத்துக் கொடுத்தார். முதல் பகுதி இறைவாக்கினர்களின் முன்னறிவிப்பும் மீட்பரின் பிறப்பும். இரண்டாம் பகுதி அவருடைய பாடுகளும் வெற்றியும். மூன்றாம் பகுதி சாவின் தோல்வியும் நம் உயிர்ப்பும். ஹேண்டல் 1741ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் எழுதத் தொடங்கி, 24 நாள்களில் முழுவதையும் எழுதி முடித்துவிட்டார்.

1742 ஏப்ரல் 13ஆம் நாள் நண்பகலில் டப்ளின் நகரின் ஓர் இசை மன்றத்தில் அது அரங்கேறியது. அந்நகரின் இரண்டு பேராலயங்களின் பாடகர்களும் சேர்ந்து பாடினார்கள். கூட்டம் அதிகமாக இருக்கும் என்று தெரிந்ததால், பெண்கள் அகலமான வளையப் பாவாடை அணியாமலும், ஆண்கள் வாள் கட்டாமலும் வரும்படி முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்கள். இடம் மிச்சமானால் இன்னும் சிலர் உட்காரலாம். கிடைக்கும் நன்கொடை கூடும் அல்லவா? ஏறத்தாழ 700 பேர் வந்தார்கள். வந்த பணம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு பங்கு ஏழைகளுக்கான இரண்டு மருத்துவமனைகளுக்கு. மூன்றாவது பங்கு, கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடந்தவர்களுக்கு. அந்தப் பணத்தால் 142 பேரின் கடன் தீர்க்கப்பட்டு, அவர்கள் விடுதலையானார்கள்.

அன்பு நேயர்களே, அந்த 142 பேரும் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டு நடந்த நேரத்தில் அவர்கள் சிறையில் இருந்தார்கள். ஆனால் பாட்டின் பலன் அவர்களைத்தான் தேடிப் போயிற்று. பிலிப்பியில் பவுலும் சீலாவும் பாடியபோது நடந்ததை இப்போது நினைவுகூர்வோம்.

அன்றைய நிகழ்ச்சியில் ஒரு தனிக்குரல் பாடகி இருந்தார். பெயர் சூசன்னா சிபர். அவர் ஒரு நாடக நடிகை. அவருடைய குடும்ப வாழ்க்கை நீதிமன்றம் வரை இழுக்கப்பட்டு, ஊரெல்லாம் பேசி நகைத்த பெயர் அது. எசாயா 53ஆம் அதிகாரத்திலிருந்து, இகழப்பட்டு மனிதரால் புறக்கணிக்கப்பட்ட துன்புறும் ஊழியரைப் பற்றிய பகுதியை அவர் பாடினார். கேட்டுக்கொண்டிருந்த ஒரு மறைப்பணியாளர் மனம் தாங்காமல் எழுந்து, இதற்காகவே இந்தப் பெண்ணின் பாவங்கள் மன்னிக்கப்படட்டும் என்று உரக்கச் சொல்லிவிட்டாராம். இகழ்ச்சி என்றால் என்ன என்று அறிந்த குரல், இகழப்பட்ட ஆண்டவரைப் பாடியது. பரிசேயர் சீமோன் வீட்டில் கண்ணீரால் இயேசுவின் காலடிகளை நனைத்த பெண்ணை அந்த மண்டபத்தில் சிலராவது நினைத்திருப்பார்கள்.

மறு ஆண்டு அதே படைப்பு இலண்டன் நகரின் நாடக அரங்கில் பாடப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. நாடகம் ஆடுகிற இடத்தில் இறைவார்த்தையைப் பாடுவதா என்று பத்திரிகையில் எழுதினார்கள். அன்று அவர்கள் கேட்டது, புனிதமானது அரங்கத்துக்குப் போகலாமா என்று. இன்று நாம் கேட்பது, அரங்கம் ஆலயத்துக்குள் வரலாமா என்று. கேள்வி திரும்பி நிற்கிறதே தவிர, அதன் அடியில் உள்ள அச்சம் ஒன்றுதான்: கடவுளுக்குரியதை நாம் வெறும் பொழுதுபோக்காக ஆக்கிவிடுவோமோ என்ற அச்சம்.

இந்த அச்சம் தேவையானது. திருஅவை இதை நன்றாக அறிந்திருக்கிறது. திருஅவைச் சட்டம் 1210, புனித இடத்தில் வழிபாட்டுக்கும் பக்திக்கும் சமயத்துக்கும் உதவுவதை மட்டுமே அனுமதிக்கிறது. வேறு எதற்காவது ஆயர் அனுமதி தந்தாலும், அது இடத்தின் புனிதத்துக்கு முரணாக இருக்கக்கூடாது. ஆலயங்களில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளைப் பற்றித் திருவழிபாட்டுக்கான வத்திக்கான் திருப்பேராயம் 1987ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் ஒரு மடலே வெளியிட்டது. அதன் கருத்துகள் நமக்கு மிகவும் பயன்படும்.

முதலாவது, நுழைவுக் கட்டணம் கூடாது. எல்லாருக்கும் கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் இடத்துக்கு ஏற்ற உடையும் நடத்தையும் கொண்டிருக்க வேண்டும். மூன்றாவது, பாடகர்கள் பீடப்பகுதியில் நிற்காமல் இருப்பது நல்லது. பீடத்துக்கும், வாசக மேடைக்கும், திருப்பலி நிறைவேற்றுபவரின் இருக்கைக்கும் மிகுந்த மரியாதை காட்ட வேண்டும். நான்காவது, நற்கருணையை முடிந்தவரை பக்கச் சிற்றாலயத்தில் அல்லது தகுந்த பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும். ஐந்தாவது, நிகழ்ச்சியில் விளக்கம் சொல்லப்படுமானால், அது இசையின் வரலாற்றைச் சொல்வதோடு நிற்காமல், கேட்பவர் உள்ளத்தால் பங்குகொள்ளவும் உதவ வேண்டும்.

இவை கடுமையான சட்டங்களாகத் தெரியலாம். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஓர் அன்பு இருக்கிறது. கட்டணம் வேண்டாம் என்பது ஏன்? ஆலயத்தின் முன்வரிசை பணம் உள்ளவர்களுக்கு என்று ஆகிவிடக் கூடாது என்பதற்காக. ஆலய வாசலில் பூ விற்கிற அம்மாவும் கூடையை ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார முடிய வேண்டும் என்பதற்காக. டப்ளினில் நுழைவுச் சீட்டு விற்றுத்தான் அறச்செயல் செய்தார்கள். அது இசை மன்றம். நம் ஆலயத்தில் கதவைத் திறந்து வைப்போம். வெளியே போகும்போது மனமுவந்து போடுகிற காணிக்கையில் அறம் செய்வோம்.

சரி, அப்படி ஒரு மாலைக்கு நாம் எப்படிப் போவது?

போவதற்கு முன் விவிலியத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போவோம். மெசியாவின் முதல் பாடல் எசாயா 40ஆம் அதிகாரத்தில் தொடங்குகிறது. துயருற்ற மக்களுக்கு ஆறுதல் சொல்லும் பகுதி. திருவருகைக்காலத் திருப்பலியிலும் நாம் கேட்கிற வாசகம்தான். பிறகு எசாயா 53, யோபு 19, முதல் கொரிந்தியர் 15, திருவெளிப்பாடு 5. இவற்றை வீட்டில் பிள்ளைகளோடு தமிழில் வாசித்துவிட்டால், ஆங்கிலத்தில் பாடினாலும் நமக்கு விளங்காமல் போகாது.

போன இடத்தில் செல்போனை அணைத்துப் பையில் வைப்போம். இது ஏதோ ஒழுங்குக்காகச் சொல்வது இல்லை. பதிவு செய்த பாட்டு வீட்டிலேயே இருக்கிறது; எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். நேரில் கேட்பதில் கிடைப்பது வேறு. சிறு திரையின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை இழந்துவிடுவோம்.

அது என்ன என்று சொல்கிறோம். சேர்ந்திசையில் சில சுரங்கள் மிக நீளமானவை. எந்த மனிதராலும் ஒரே மூச்சில் அதைப் பிடித்து நிற்க முடியாது. ஆனாலும் ஒலி அறுபடுவதில்லை. எப்படி? பாடகர்கள் ஒரே நேரத்தில் மூச்சு வாங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருக்கும்போது இவர் மெல்ல நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, சத்தமில்லாமல் மறுபடி சேர்ந்துகொள்கிறார். பிறகு அவருடைய முறை. ஒருவருக்கு மூச்சு முட்டும்போது மற்றவர்கள் தாங்குகிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தால் தோள்கள் மாறி மாறி உயர்வது தெரியும்.

அன்பார்ந்தவர்களே, பங்கு என்பது இதுதான். கணவரை அடக்கம் செய்துவிட்டு வந்த ஞாயிறு, ஒரு சகோதரியால் 'விசுவசிக்கிறேன்' என்று வாய்திறந்து சொல்ல முடியவில்லை. அவர் உதடு அசையவில்லை. சுற்றி இருக்கிற நாம் சொல்கிறோம். அவருடைய விசுவாசம் அறுபடாமல் நிற்கிறது. மூன்று மாதம் கழித்து அவர் சேர்ந்துகொள்வார். அப்போது நம்மில் வேறொருவருக்கு மூச்சு முட்டும். திருத்தூதர் பவுல் ஒரே உடல், பல உறுப்புகள் என்று கொரிந்தியருக்கு எழுதினாரே, அதைப் பாடகர் குழு நம் கண்முன் செய்து காட்டுகிறது.

இனி, நிகழ்ச்சி முடிந்த பிறகு. இங்கேதான் புனித அகுஸ்தினார் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார். மிலான் நகரில் திருமுழுக்குப் பெற்ற நாள்களில் ஆலயப் பாடல்களைக் கேட்டுத் தாம் கண்ணீர் விட்டதைத் தம் 'ஒப்புதல்கள்' நூலில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்தான், புனித அம்புரோசியாரைக் காக்க மிலான் மக்கள் இரவு பகலாக ஆலயத்தில் விழித்திருந்தபோது, அவர்கள் துயரத்தில் சோர்ந்துவிடாதபடி அங்கே பாடும் வழக்கம் தொடங்கியது என்றும் சொல்கிறார். ஆனால் அதே நூலில் பின்னால் தம்மையே சோதித்துப் பார்க்கிறார். பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைத்துவிட்டால், அது தமக்குக் குற்றமாகவே படுகிறது என்கிறார். ஆனாலும் ஆலயத்தில் பாடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. வலுவற்ற உள்ளம் இசையால் இறைப்பற்றுக்கு உயர்த்தப்படும் என்று அதை ஏற்றுக்கொள்கிறார்.

அப்படியானால், அந்த மாலையில் நம்மை அசைத்தது பாட்டா, பொருளா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஆமோஸ் இறைவாக்கினர் ஐந்தாம் அதிகாரத்தில் விடை தருகிறார். உங்கள் பாடல்களின் இரைச்சல் எனக்கு வேண்டாம் என்கிறார் ஆண்டவர். நீதி வெள்ளம் போல் ஓட வேண்டும் என்கிறார். கண்ணீர் வந்ததா என்பது அளவுகோல் ஆகாது. கண்ணீர் எங்கே போயிற்று என்பதே அளவுகோல்.

மெசியாவில் 'அல்லேலூயா' முழக்கம் வரும்போது எல்லாரும் எழுந்து நிற்பது வழக்கம். இங்கிலாந்து மன்னர் எழுந்து நின்றார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதற்கு உறுதியான சான்று கிடையாது, ஆனாலும் வழக்கம் நல்லது. ஒன்று கவனியுங்கள். அந்த முழக்கத்தோடு படைப்பு முடிந்துவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது இரண்டாம் பகுதியின் முடிவு மட்டுமே. அதற்குப் பிறகு மண்டபம் அமைதியாகி, ஒரே ஒரு பெண்குரல் மெல்லத் தொடங்குகிறது. யோபுவின் சொற்கள். எல்லாவற்றையும் இழந்து, உடலெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்திருக்கிற மனிதர், தம் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று அறிக்கையிடுகிற சொற்கள். வெற்றி முழக்கத்தோடு எழுந்து போய்விடுகிறவர், துன்பத்தில் இருப்பவரின் நம்பிக்கையைக் கேட்காமலே போகிறார்.

நம் கிறிஸ்தவ வாழ்விலும் இது நடக்கிறது. திருவிழா முழக்கத்துக்கு எல்லாரும் வருகிறோம். சாம்பலில் உட்கார்ந்திருக்கிற யோபுவின் வீட்டுக்கு யார் போகிறோம்? வட்டிக்கு மேல் வட்டி கட்டி, நகையும் வண்டியும் போய், வசூலுக்கு வருகிறவரின் குரல் கேட்டாலே கதவைச் சாத்திக்கொள்கிற குடும்பங்கள் நம் அன்பியங்களிலேயே இருக்கின்றன. ஜாமீன் கிடைத்தும் பிணை கொடுக்க ஆளில்லாமல், பணமில்லாமல் சிறையிலேயே இருக்கிற ஏழைகள் இந்த நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். கடனால் பூட்டப்பட்ட கதவுகள் 1742இல் டப்ளினில் மட்டும் இருந்தவை அல்ல.

ஆகவே இந்த ஆண்டு கிறிஸ்மஸ் பாடல் மாலைகளை நடத்தும் பங்குகளையும் பாடகர் குழுக்களையும் அன்போடு கேட்டுக்கொள்வோம். வாசலில் ஒரு காணிக்கைப் பெட்டி வையுங்கள். அது ஒலிபெருக்கி வாடகைக்கோ அலங்காரத்துக்கோ போக வேண்டாம். நம் மறைமாவட்டத்தில் சிறைப்பணி செய்கிறவர்களிடம் கேளுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையினரிடம் கேளுங்கள். எந்த ஒரு கதவை நம்மால் திறக்க முடியும் என்று அவர்கள் சொல்வார்கள். நூற்று நாற்பத்திரண்டு வேண்டாம், ஒன்று போதும். அந்த ஒரு மனிதர் கிறிஸ்மஸ் இரவில் தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் நம் பாட்டைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

ஹேண்டல் கடைசி ஆண்டுகளில் பார்வையை இழந்துவிட்டார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இலண்டன் இல்லம் ஒன்றின் சிற்றாலயத்தில் அந்த இல்லத்தின் உதவிக்காக ஆண்டுதோறும் மெசியா பாடப்பட்டது. அதன் இசைப்படி ஒன்றை அந்த இல்லத்துக்கே தம் உயிலில் எழுதி வைத்தார். 1759ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், புனித சனிக்கிழமை காலையில் இறந்தார். உயிர்ப்பைப் பாடியவரை ஆண்டவர் உயிர்ப்பு ஞாயிறின் வாசலில் அழைத்துக்கொண்டார்.

அவருடைய மெசியா ஒரே ஒரு சொல்லில் முடிகிறது. அந்தச் சொல்லை நான்கு குரல்களும் ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி, திரும்பத் திரும்ப, பல நிமிடங்கள் பாடுகின்றன. எபிரேயத்தில் அதற்கு 'அது உறுதி, அப்படியே ஆகட்டும்' என்று பொருள். பாடியவர்கள் அதைச் சொல்லி முடித்து அமைதியாகிறார்கள். அதை வாழ்ந்து முடிக்க வேண்டியவர்கள் நாம்.

செபிப்போம். ஆண்டவரே, உம்மைப் பாட எங்களுக்குக் குரல் தந்தீர், நன்றி. எங்கள் பாடகர் குழுக்களை ஆசீர்வதியும். மூச்சு முட்டி நிற்பவர்களை எங்கள் மூச்சால் தாங்கக் கற்றுத் தாரும். நாங்கள் பாடும் ஒவ்வொரு பாட்டும் எங்கேனும் ஒரு கதவைத் திறக்கட்டும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.